சோலைக்கிளி, தோடி, ஒரு ஸ்பெக்ட்ரோகிராம்

கொடைக்கானலுக்கு ‘ஸ்பெக்ட்ரம்’ ரொம்பப் பழைய சொல். சூரிய ஆய்வகம் அங்கே 1899-ல் வந்தது. அங்கே வேலை பார்த்த ஜான் எவர்ஷெட், 1909-ல் ஒரு சூரியப் புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது நிறமாலைக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு மயிரிழை தள்ளியிருந்ததைக் கவனித்தார். அந்தத் தள்ளலை வைத்தே, புள்ளியின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக வாயு ஓடுகிறது என்று சொன்னார். இன்றைக்கும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

ஒளியை அப்படிப் பிரிக்கலாம் என்றால் ஒலியையும் பிரிக்கலாம். அதற்கு மலை உச்சியில் கட்டடம் எதுவும் வேண்டாம், ஒரு பழைய லேப்டாப் போதும். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான். பழனி மலைச் சோலைகளில் பாடும் ஒரு சின்னப் பறவையையும், நம்ம கர்நாடக சங்கீதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். இரண்டையும் ஒரே மென்பொருளில் திறக்கலாம். ஆனால் ஒரே செட்டிங்கில் திறந்தால் இரண்டில் ஒன்று கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியாது. ஏன் என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியமான இடம்.

முதலில் அடிப்படை. ஆடாசிட்டியில் ஒரு பாட்டைத் திறந்தால் நீல நிறத்தில் மேலும் கீழுமாக ஒரு அலை தெரியும். எங்கே சத்தம் பெரிசு, எங்கே சின்னது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. பாடினது சங்கராபரணமா, சமையலறையில் மிக்ஸி ஓடுச்சா என்று அந்த அலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ட்ராக் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் என்று மாற்றுங்கள். இப்போது படம் வேறு. இடமிருந்து வலம் நேரம். கீழிருந்து மேல் அதிர்வெண், அதாவது கீழே தடித்த குரல், மேலே கீச்சுக்குரல். எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் பலமாக இருந்ததோ அந்த இடம் பிரகாசமாக இருக்கும். சங்கீதக் குறியீடு மாதிரிதான், ஆனால் எழுதினது மனுஷன் இல்லை.

பழக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது சீகாரப் பூங்குயில். கொடைக்கானல் பக்கம் ஓடைக்கரையில் விடியற்காலையில் கேட்டிருப்பீர்கள். வேலைவெட்டி இல்லாத பையன் சும்மா சீட்டி அடித்துக்கொண்டு போவது மாதிரியே இருக்கும். வெள்ளைக்காரர்கள் இதற்கு ‘சீட்டியடிக்கும் பள்ளிக்கூடப் பையன்’ என்றே பெயர் வைத்தார்கள். சீட்டி என்பது கிட்டத்தட்ட ஒற்றை அதிர்வெண். அதனால் படத்திலும் ஒற்றைக் கோடு வளைந்து வளைந்து போகும். நீங்களே ஒரு சீட்டி அடித்து அதே ஃபைலில் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள், உறவு உடனே தெரியும். அடுத்து ‘ஸா’ என்று பாடிப் பதிவு செய்யுங்கள். இப்போது ஒரு கோடு வராது, ஏணிப்படி மாதிரி அடுக்கடுக்காகப் பத்துப் பதினைந்து கோடு வரும். கீழ்ப்படிதான் நீங்கள் பிடித்த ஸ்ருதி. மற்றவை அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு. இந்த மேல்கோடுகளைத் தனித்தனி ஸ்வரங்களாகக் காது கேட்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ‘குரல்’ என்று எடுத்துக்கொள்கிறது. இந்த ஏணி பின்னால் நமக்கு உதவப் போகிறது, ஞாபகம் வச்சுக்குங்க.

இந்த மாதிரிப் படம் போடும் கருவி 1940-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பேச்சை ஆராய்வதற்காக வந்தது. அதைப் பறவைக்குத் திருப்பியவர்களில் முக்கியமானவர் கேம்பிரிட்ஜில் இருந்த டபிள்யூ. எச். தார்ப். 1950-களில் சாஃபிஞ்ச் குஞ்சுகளைப் பெரிய பறவைகளின் பாட்டே காதில் விழாமல் வளர்த்தார். அவை வளர்ந்து பாடின, ஆனால் குறைப்பாட்டு. படத்தில் அது பளிச்சென்று தெரிந்தது. பாட்டு முழுக்க ரத்தத்தில் வருவதில்லை, கேட்டுக் கற்க வேண்டியிருக்கிறது. பறவைக்கும் பாட்டு வாத்தியார் தேவை என்று சொன்னால் நம்ம ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்பட மாட்டார்கள்.

சரி, சிக்கலுக்கு வருவோம்.

கம்ப்யூட்டர் பாட்டை ஒரே மூச்சில் பிரிப்பதில்லை. சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் என்னென்ன அதிர்வெண் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. இந்தத் துண்டுக்கு ‘விண்டோ’ என்று பெயர். சிடி தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள். விண்டோ அளவு 1024 என்று வைத்தால் ஒரு துண்டு சுமார் 23 மில்லி நொடி. அந்தத் துண்டை வைத்து 43 ஹெர்ட்ஸுக்குக் கீழான வித்தியாசத்தைப் பிரிக்க முடியாது. 8192 வைத்தால் சுமார் 5 ஹெர்ட்ஸ் வரை பிரியும், ஆனால் துண்டு 186 மில்லி நொடி நீளம் ஆகிவிடும். அதற்குள் நடந்ததெல்லாம் ஒன்றாகக் குழைந்துவிடும். நேரம் துல்லியமாக வேண்டும் என்றால் ஸ்ருதி மங்கும், ஸ்ருதி துல்லியமாக வேண்டும் என்றால் நேரம் மங்கும். நல்ல கம்ப்யூட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். இது கணக்கிலேயே உள்ள கட்டுப்பாடு. டென்னிஸ் கேபர் 1946-லேயே எழுதி வைத்துவிட்டார்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் ஸா சுமார் 131 ஹெர்ட்ஸ். சுத்த ரிஷபம் சுமார் 139. நடுவே எட்டு ஹெர்ட்ஸ்தான். 43 ஹெர்ட்ஸ் பிரிக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டால் ஸாவும் ரியும் ஒரே பட்டையாகத்தான் தெரியும். பறவை எங்கேயோ உச்சத்தில், 4000 ஹெர்ட்ஸில் பாடுகிறது என்று வையுங்கள். அங்கே அதே அரை ஸ்வரம் 238 ஹெர்ட்ஸ் அகலம். அதற்கு 43 தாராளம். ஆனால் பறவை ஒரு நொடிக்குள் நாலைந்து சுரங்களை வாரி இறைத்துவிட்டுப் போய்விடும், அதனால் அதற்குச் சின்ன விண்டோதான் சரி. மனுஷப் பாட்டுக்குப் பெரிசு, பறவைப் பாட்டுக்குச் சின்னது என்று முடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். அப்படி முடிக்க விடாமல் வந்து நிற்பது கமகம்.

தோடி காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது காந்தாரத்தில் நிற்பதே அபூர்வம். ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊஞ்சல் ஆடும். ஒரு நொடிக்கு நாலைந்து ஆட்டம் என்றால் ஒரு ஆட்டத்துக்கு 200 மில்லி நொடி. 186 மில்லி நொடி விண்டோ போட்டால் ஊஞ்சல் மொத்தமும் ஒரே துண்டில் அடங்கி, காந்தாரம் அழுக்குத் துணி மாதிரி தெரியும். விண்டோவைச் சின்னதாக்கினால் ஸாவும் ரியும் ஒட்டிக்கொள்ளும். ரெண்டு பக்கமும் இடி.

தப்பிக்க வழி அந்த ஏணியில் இருக்கிறது. அடிக்கோடு 131 ஹெர்ட்ஸ் என்றால் எட்டாவது படி சுமார் 1046 ஹெர்ட்ஸ். அடிக்கோடு ஆடினால் அதுவும் கூடவே ஆடும், எட்டு மடங்கு பெரிசாக. அங்கே ஸாவுக்கும் சுத்த ரிஷபத்துக்கும் நடுவே 62 ஹெர்ட்ஸ் இடைவெளி. 1024 விண்டோ போட்டாலும் பிரிந்துவிடும். அதனால் கமகம் பார்க்க வேண்டுமென்றால் படத்தின் அடியை விட்டுவிட்டு ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் பாருங்கள். நெளிவு அத்தனையும் எழுத்தாணியால் கீறினது மாதிரி தெரியும். எந்தக் கையேட்டிலும் இதை முதல் பக்கத்தில் போட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வேலைக்கு ஆடாசிட்டியை விட சானிக் விசுவலைசர் நல்லது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். அதில் மெல்லிசைக்கென்றே ஒரு ஸ்பெக்ட்ரோகிராம் வகை இருக்கிறது. பிளக்-இன் போட்டுக்கொண்டால் ஸ்ருதியின் பாதையை ஒற்றைக் கோடாக வரைந்தும் கொடுக்கும். தனிக்குரலுக்கு பியின் என்ற பிளக்-இன், பக்கவாத்தியத்தோடு இருக்கும் கச்சேரிக்கு மெலோடியா. இரண்டையும் கண்ணை மூடி நம்பக்கூடாது. பாடகர் மூச்சு வாங்க நிறுத்தினதும் மெலோடியா சட்டென்று வயலினைப் பிடித்துக்கொள்ளும். படத்தில் பாட்டு தொடர்கிற மாதிரியே இருக்கும். சில இடத்தில் ஒரு ஸ்தாயி தாண்டிக் குதிக்கும். காதால் கேட்டுக்கொண்டே கோட்டைப் பார்க்க வேண்டும், வெறும் கோட்டை வைத்து வாதாடக் கூடாது.

ஸ்ருதிப் பாதை கிடைத்துவிட்டால் அடுத்த வேலை ஹிஸ்டோகிராம், அதாவது பாட்டு முழுக்க எந்த ஸ்ருதியில் எவ்வளவு நேரம் இருந்தது என்ற கணக்கு. அதற்கு முன்னால் ஹெர்ட்ஸை ஸாவிலிருந்து எத்தனை ‘சென்ட்’ என்று மாற்ற வேண்டும். ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட். ஒரு கட்டைக்காரரையும் ஐந்து கட்டைக்காரரையும் ஒப்பிட வேறு வழி இல்லை. இப்படிப் போட்டால் ஸாவும் பாவும் கோபுரம் மாதிரி ஒல்லியாக நிற்கும். கமகம் பிடிக்கும் ஸ்வரங்கள் மண்மேடு மாதிரி அகலமாகப் பரவும். தோடியின் காந்தாரத்துக்குக் கோபுரமே கிடையாது. சில இடங்களில் அது இருக்க வேண்டிய இடத்தில் பள்ளமும், இரண்டு பக்கத்தில் மேடும் இருக்கும். ஆடுகிற எதுவும் நடுவில் வேகமாகப் போய் ஓரத்தில்தான் மெதுவாகத் திரும்பும், ஊஞ்சலில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

22 ஸ்ருதி உண்டா இல்லையா என்று நடக்கும் சண்டையில் இது முக்கியமான சாட்சி. ஸ்டான்ஃபோர்டில் இருந்த அரவிந்த் கிருஷ்ணசுவாமி 2003-ல் ஸ்ருதிப் பாதையை வைத்து எழுதிய கட்டுரைகளில், அடிப்படை இடைவெளிகள் பன்னிரண்டுதான் என்ற முடிவுக்கு வந்தார். நுணுக்கமான மீதியை நிலையான இடங்களாகப் பார்க்காமல் அசைவாகப் பார்ப்பதுதான் பொருத்தம் என்று எனக்கும் படுகிறது. இதே கேள்வியை எதிர்ப்பக்கத்திலிருந்து அணுகியவர் எம். சுப்பிரமணியன். அவருடைய காயகா மென்பொருள், ஸ்வரக் குறியீட்டைக் கொடுத்தால் வாசித்துக் காட்டும். கமகக் குறிப்பு எதுவும் கொடுக்காமல் வெறும் ஸ்வரங்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் ராகம் எவ்வளவு தூரம் காணாமல் போகிறது என்று காது உடனே சொல்லிவிடும். பிறகு பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011-ல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்தில் சென்னை ஐஐடியும் சேர்ந்தது. பெரிய அளவில் கச்சேரிப் பதிவுகளைச் சேர்த்து, ஸா எது, தாளம் எங்கே விழுகிறது, எந்தச் சங்கதி திரும்ப வருகிறது என்று கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும் வேலை அது.

பழனி என்றதும் மிருதங்கம் ஞாபகம் வராதவர் குறைவு, அதனால் அடிவாரத்துக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடதுகைக்காரர். தொப்பிப் பக்கத்தில் அவர் கொடுத்த கும்கிக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. கும்கியை ஸ்பெக்ட்ரோகிராமில் பார்ப்பது தனி சுகம். அடித்தளத்தில் ஒரு பட்டை கிளம்பி மேல்நோக்கி வளையும். வலந்தலையின் மீட்டைப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். சாதாரணத் தோலைத் தட்டினால் வரும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாத விகிதத்தில் இருக்கும். அதனால்தான் பறை மாதிரியான வாத்தியத்தில் ஸ்ருதி தெளிவாக நிற்பதில்லை. மிருதங்கத்தில் நடுவே கறுப்பாக அப்பியிருக்கும் கரணை அந்த விகிதத்தை 1, 2, 3, 4 என்று இழுத்து வைக்கிறது. குரலின் ஏணி மாதிரியே ஒரு ஏணி. சி. வி. ராமன் 1920-ல் இதை நேச்சர் இதழில் எழுதினார், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில். இன்றைக்கு நாம் ஐந்து நிமிஷத்தில் திரையில் சரிபார்த்துவிடலாம். பிள்ளைவாள் எந்தக் கையால் வாசித்தார் என்பதை மட்டும் எந்த ஸ்பெக்ட்ரோகிராமும் சொல்லாது.

பழைய பதிவுகளை அலசுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 78 சுழற்சி இசைத்தட்டைச் சரியான வேகத்தில்தான் டிஜிட்டல் ஆக்கினார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வேகம் ஐந்து சதவீதம் கூடினால் ஸ்ருதி 84 சென்ட் ஏறும், கிட்டத்தட்ட அரைக் கட்டை. ‘அந்தக் காலத்தில் எல்லாரும் எவ்வளவு உச்ச ஸ்ருதியில் பாடினார்கள் பார்’ என்று யாராவது யூடியூப் லிங்க் அனுப்பினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். உச்ச ஸ்ருதி உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அந்த லிங்க் அதற்குச் சாட்சி ஆகாது. இடைவெளிகள் தப்பிக்கும், கட்டை தப்பிக்காது. டேப் பதிவுகளில் ஒரு சின்ன உபாயம் உண்டு. கரண்டின் ரீங்காரம் பல டேப்புகளில் பதிந்திருக்கும். நம் ஊரில் அது 50 ஹெர்ட்ஸ். படத்தின் அடியில் அந்தக் கோடு 52-ல் நின்றால் டேப் நாலு சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இனி சோலைக்கிளி. பெயரைப் பார்த்து கிளி என்று நினைக்காதீர்கள். மலையாளத்தில் சின்னப் பறவை எதையும் கிளி என்பார்கள், அந்த வழக்கில் வந்த பெயர். சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிய, கருநீலமும் வெள்ளை வயிறுமாக, சோலையின் இருட்டில் தரையோரமாகத் திரியும் பறவை. கண்ணில் படுவதை விடக் காதில் படுவதுதான் அதிகம். 1860-களில் சாமுவேல் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரி பழனி மலையில் சேகரித்ததை வைத்து பிளான்ஃபோர்டு இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் பிறகு நூற்றைம்பது வருஷம் இதை எந்தக் குடும்பத்தில், எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2017-ல் வி. வி. ராபினும் கூட்டாளிகளும் மரபணுவை வைத்து, இது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தனிப் பேரினம் என்று காட்டி ‘ஷோலிகோலா’ என்று பெயரிட்டார்கள். சோலை என்ற நம் சொல் லத்தீன் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்தப் பறவைக்குச் சோலை என்பது தீவு. சுற்றிலும் தாழ்ந்த வெயில் நிலம், அதைக் கடந்து அது போகாது. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் மாதிரி பழைய இடைவெளிகள் இந்தப் பறவைக் கூட்டங்களை ரொம்பக் காலத்துக்கு முன்பே மரபணு அளவில் பிரித்துவிட்டன. அதன் மேல் நாம் போட்ட பிரிவு வேறு இருக்கிறது: தேயிலை, யூகலிப்டஸ், வாட்டில், பைன், ஊர். சேத்தனா புருஷோத்தமும் ராபினும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கூட்டங்களின் பாட்டுகளைப் பதிவு செய்து, ஸ்பெக்ட்ரோகிராமில் அளந்து ஒப்பிட்டார்கள். இம்மாதிரி வேலையில் அளப்பது என்றால் நாம் மேலே பார்த்ததுதான்: மிகக் குறைந்த அதிர்வெண், மிக உயர்ந்தது, ஒரு சுரத்தின் நீளம், சுரங்களுக்கு நடுவே இடைவெளி, எத்தனை வகைச் சுரங்கள். இதற்கென்று கார்னெல் பறவை ஆய்வகத்தின் ரேவன் மாதிரி மென்பொருள்கள் உண்டு. அதன் எளிய வடிவம் இலவசம்.

அவர்கள் கண்டது இது. பழைய மரபணுத் தடையால் பிரிந்த கூட்டங்களுக்கு நடுவே பாட்டு வேறுபடுகிறது. சமீபத்தில் காடு அழிந்ததால் பிரிந்த, மரபணு இன்னும் பெரிதாக மாறாத கூட்டங்களுக்கு நடுவிலும் வேறுபடுகிறது. ஆனால் இரண்டு இடத்திலும் மாறியிருப்பது பாட்டின் ஒரே அம்சம் இல்லை, வேறு வேறு அம்சங்கள். மரபணு மாறப் பல்லாயிரம் தலைமுறை வேண்டும். கேட்டுக் கற்கும் பாட்டு மாற அவ்வளவு வேண்டாம். பக்கத்துச் சோலைக்குப் போக வழி அடைபட்டால், குஞ்சுகள் கேட்டு வளரும் பெரியவர்களின் வட்டம் சுருங்கும், பாட்டு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும். ரத்தப் பரிசோதனையில் இன்னும் தெரியாத பிரிவு திரையில் தெரிந்துவிடுகிறது. பாணி பிரிவது என்று சங்கீதத்தில் சொல்வோமே, அதே சங்கதி. ஒரு வித்தியாசம், இங்கே பாணி பிரிவது கொண்டாட வேண்டிய செய்தி இல்லை.

பழனி மலைக்கு இது எவ்வளவு நெருக்கமான விஷயம் என்பதற்கு 2018-ல் வந்த செயற்கைக்கோள் ஆய்வு ஒன்று இருக்கிறது. நாற்பது வருஷத்தில் பழனி மலையின் இயற்கைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டமாகவும் விவசாய நிலமாகவும் போய்விட்டது என்று அது காட்டியது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான். பைன் தோப்பில் நின்று காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, பிறகு ஒரு சோலைக்குள் போய்க் கேளுங்கள். இரண்டு இடத்திலும் பத்து நிமிஷம் பதிவு செய்து ஒரே திரையில் மேலும் கீழுமாக வையுங்கள். எந்தப் படத்தில் எத்தனை பட்டைகள் நிரம்பியிருக்கின்றன என்று எண்ண யாருக்கும் முனைவர் பட்டம் தேவையில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு மூன்று நாலு விஷயம். ஃபோனில் பதிவு செய்தால் எம்பி3 வேண்டாம், வேவ் ஃபார்மட்டில் வையுங்கள். எம்பி3 தன் இஷ்டத்துக்கு மேல் அதிர்வெண்களை வெட்டிவிடும், படத்தில் கத்தரித்த மாதிரி ஒரு விளிம்பு தெரியும். பல ஃபோன்களில் இரைச்சல் குறைப்பு தானாகவே இயங்கும். அதற்கு மனுஷப் பேச்சு தவிர மற்றதெல்லாம் இரைச்சல், சோலைக்கிளியையும் சேர்த்தே துடைத்துவிடும், அணைத்து வையுங்கள். ஓடைச் சத்தமும் காற்றும் பெரும்பாலும் படத்தின் அடிப்பகுதியில் குவியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொடைக்கானல் போக முடியாதவர்களுக்கு 2005-ல் தொடங்கிய சீனோ-கான்டோ தளத்தில் உலகம் முழுக்க உள்ளவர்கள் ஏற்றிய பறவைப் பதிவுகள் இருக்கின்றன, நம் சோலைக்கிளியும் அங்கே பாடுகிறது. இறக்கி, 1024 விண்டோ வைத்துப் பார்த்து, வேகத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைத்து, ஸ்ருதியும் கூடவே இறங்கும்படி கேளுங்கள். மூன்று ஸ்தாயி கீழே வந்து நம் குரல் எல்லைக்குள் நிற்கும். ஜாருவும் ஸ்புரிதமும் மாதிரி என்னென்னவோ காதில் விழும்.

காட்டுக்குள் நின்று அந்தப் பதிவை ஸ்பீக்கரில் போட்டுக் காட்ட மட்டும் வேண்டாம். இன்னொரு ஆண் பறவை தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்து, அது கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு உங்களோடு சண்டைக்கு வந்து நிற்கும்.